லவீனியா தீவை விட்டுப் போகவில்லை

எங்கள் தீவு ஊரான ஹீலோவில் சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு வண்டி எடுக்கிறவர்கள் இரண்டு வகை. மீன் பிடிக்கப் போகிறவர்கள், பழைய சாமான் வாங்கப் போகிறவர்கள். லவீனியா பச்சேக்கோ இரண்டாவது வகை. வெள்ளிக்கிழமை சாயங்காலமே செய்தித்தாளைச் சாப்பாட்டு மேசையில் விரித்து, விளம்பரங்களைப் பென்சிலால் வட்டம் போட்டு, ஒரே பாலத்தை இரண்டு முறை தாண்டாதபடி வரிசை எழுதி வைத்துவிடுவாள். அந்தக் காகிதம் மழையில் நனையாமல் இருக்க ரொட்டி வந்த பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக்கொள்வாள்.

அவளுக்கு அறுபத்தாறு வயது. இருபத்தேழு வருஷம் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்தவள். முந்நூறு பிள்ளைகளுக்குச் சோறு கிளறிய தோள் இன்னும் அப்படியே இருந்தது. புருஷன் கில்பர்ட் கரும்பு லாரி ஓட்டினான். ஆலை மூடிய இரண்டாம் வருஷம் மாரடைப்பில் போய்விட்டான். ஒரே மகள் சார்மெய்ன், ஹீலோ பிள்ளைகளில் பாதிப் பேரைப் போல, லாஸ் வேகாஸில் ஹோட்டல் வேலைக்குப் போய் அங்கேயே கல்யாணம் செய்துகொண்டாள்.

லவீனியாவின் சனிக்கிழமைத் துணை ஒடெட்டா. கில்பர்ட்டின் தங்கை. முப்பது வருஷமாக வண்டியின் முன்சீட்டில் வலப்பக்கம் ஒடெட்டாவுடையது. அவள் துணிமணி, பீங்கான் பார்ப்பாள். லவீனியா பாத்திரம், மின்சாரச் சாமான் பார்ப்பாள். ஏழு வருஷம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் திரும்பி வந்தபோது என்னிடம் இருந்தது ஒரு முதுகுப் பையும், மாமா விட்டுப்போன பழைய பிக்கப் லாரியும்தான். எனக்குப் பாத்திரம் பண்டம் வேண்டியிருந்தது. அவர்களுக்கு லாரி வேண்டியிருந்தது. லாரியை லவீனியாதான் ஓட்டுவாள்; நடுவில் என்னை உட்கார வைத்துக்கொண்டு இரண்டு பேரும் என் தலைக்கு மேலே சண்டை போடுவார்கள்.

கப்பலில் வரவேண்டிய சாமானுக்கு எங்கள் ஊரில் விலை அதிகம். ஊரை விட்டுப் போகிறவர்கள் எதையும் தூக்கிக்கொண்டு போக முடியாது. அதனால் ஒரு மேசையோ மின்விசிறியோ இந்தத் தீவுக்குள் வந்துவிட்டால் வீடு வீடாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். லவீனியாவின் ரொட்டி வாட்டும் கருவி அவளுக்கு முன்னால் மூன்று வீட்டில் இருந்தது. மூன்று வீட்டையும் பெயர் சொல்லுவாள்.

தெருமுனையில் வைக்கும் அட்டையில் இரண்டு விதம் உண்டு. ஒன்று சாதாரண வாசல் விற்பனை. அங்கே பேரம் பேசலாம், கேலி பேசலாம், இந்தச் சட்டியில் உன் மாமியாரையா வறுத்தாய் என்று கேட்கலாம். இன்னொன்று வீடு காலி விற்பனை. தீவை விட்டே போகிறவர்கள் வைப்பது. அங்கே யாரும் பேரம் பேசமாட்டார்கள். எழுதியிருக்கும் விலையைக் கொடுத்துவிட்டு, கொண்டுபோன இனிப்பு ரொட்டியை மேசையில் வைத்துவிட்டு, சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டு வருவார்கள். ஏன் போகிறாய், திரும்பி வருவாயா என்று கேட்பதும் கிடையாது. சாவு வீட்டில் எப்படிச் செத்தார் என்று கேட்பது போல அது.

லவீனியா இருந்தது வைனாக்குவில், கடல் தெரியும் மேட்டில், தகரக் கூரை போட்ட பச்சை வீடு. அது அவள் மாமியாரின் வீடு. கில்பர்ட் போன பிறகு மாமியாரைக் கடைசிவரை தூக்கி உட்கார வைத்துச் சோறு ஊட்டியது லவீனியா. கிழவி சாகும் முன்னால் பாதிரியாரையும் பக்கத்து வீட்டுக்காரர்களையும் வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை சொன்னாள். பத்திரம் ஒடெட்டாவின் பெயரில் இருக்கும். ஆனால் லவீனியா இந்தத் தீவில் இருக்கிற வரைக்கும் வீடு அவளுடையது. அவள் தீவை விட்டுப் போனால் ஒடெட்டாவுக்கு. எழுத்தில் எதுவும் இல்லை. எழுத்து தேவைப்படும் என்று யாரும் நினைக்கவில்லை. அந்த வார்த்தை வைனாக்கு முழுக்கத் தெரியும்.

நான் வந்து இரண்டு மாதத்தில், அந்த ஜனவரியில், சார்மெய்னுக்கு இரட்டைக் குழந்தை பிறந்தது. லவீனியா குழந்தைகள் கொஞ்சம் நிலைப்படும்வரை போய் இருந்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினாள். கிளம்பும் முன் ஒரு காரியம் செய்தாள். அவள் வீட்டு முன்புறத் தாழ்வாரத்தில் பதினோரு ஆர்க்கிட் தொட்டிகள் இருந்தன. கூரைக்கு அடியில் இருந்ததால் அவற்றின் மேல் மழை படாது. அதனால் அவற்றைத் தெரிந்த வீடுகளில் ஆளுக்கொன்றாகக் கொடுத்தாள். எனக்கும் ஒன்று வந்தது.

அவளுக்குத் தண்ணீர்தான் ஞாபகம். எங்களுக்கு அப்படித் தோன்றவே இல்லை. ஹீலோவில் வருஷத்தில் முக்கால்வாசி நாள் மழை. செடிக்குத் தண்ணீர் ஊற்று என்று ஒருவரிடம் ஒருவர் ஒப்படைக்கும் வழக்கமே எங்களிடம் இல்லை. ஒருத்தி தன் ஆர்க்கிட்டைக் கையில் எடுத்து வந்து கொடுத்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அவள் போகிறாள். அதுவும் லாஸ் வேகாஸுக்கு, மகளிடம், ஒருவழிப் பயணச்சீட்டில். அப்படிப் போனவர்களில் திரும்பி வந்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். நான் தொட்டியை வாங்கிக்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. மற்ற பத்துப் பேரும் கேட்கவில்லை. விமான நிலையத்தில் அவள் கழுத்தில் விழுந்த பூமாலைகள் மூக்கைத் தாண்டி வந்துவிட்டன. அண்டை அயலார் எல்லோரும் அழுதார்கள். இரட்டைக் குழந்தை என்பதால் இவ்வளவு சந்தோஷம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாளாம்.

மார்ச் முதல் வாரம் ஒடெட்டா எனக்கு ஃபோன் செய்தாள். அண்ணி அங்கேயே தங்கிவிடப் போகிறாள், வீட்டைக் காலி பண்ணிவிடச் சொன்னாள், சனிக்கிழமை லாரி கொண்டு வா என்றாள். குரல் கரகரப்பாக இருந்தது. நான் போனேன். மேசை நாற்காலிகளைக் கார் நிறுத்துமிடத்துக்கு இறக்கி வைத்ததே நான்தான். ஒடெட்டா தெருமுனையில் வீடு காலி விற்பனை என்ற அட்டையைத் தன் கையாலேயே நட்டாள்.

கூட்டம் வந்தது. சத்தமே இல்லை. பள்ளிக்கூடத்தில் இருந்து ஓய்வு பெற்றபோது கொடுத்த பெரிய கரண்டி, கில்பர்ட்டின் வானொலி, தையல் பெட்டி, சோறு வடிக்கும் மின்பானை, ஒவ்வொன்றாகப் போயின. நான் ஒரு அலுமினிய அண்டாவை வாங்கினேன். கார் நிறுத்துமிடத்தின் ஓரத்து மேசையில் இனிப்பு ரொட்டிகள் அடுக்கடுக்காகச் சேர்ந்தன. ஒடெட்டாவின் கண் சிவந்திருந்தது. பாவம், தோழி போன துக்கம் என்று நினைத்தேன். பதினோரு மணிக்கெல்லாம் முடிந்துவிட்டது. விற்காமல் கிடந்ததை ஒடெட்டா அட்டைப் பெட்டிகளில் போட்டு, வளைகுடாச் சாலையில் ஒரு தேவாலயம் நடத்தும் பழம்பொருள் கடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அடுத்த வாரம் அவள் மகன் டாரெல் மனைவியோடும் ஒன்பது மாதக் குழந்தையோடும் அந்த வீட்டில் குடியேறினான். அதுவரை அவர்கள் ஒடெட்டாவின் வீட்டில் ஒரே அறையில் இருந்தார்கள். சுவரெல்லாம் பூசணம் பிடித்த அறை. குழந்தைக்கு இருமல் விட்டதே இல்லை. ஒருவர் போனால் ஒருவருக்கு இடம் கிடைக்கிறது என்று ஊரில் எல்லோரும் சொன்னோம்.

மே பன்னிரண்டாம் தேதி மத்தியானம் விமான நிலையத்திலிருந்து லவீனியா என்னை ஃபோனில் அழைத்தாள். ஒடெட்டா ஃபோனை எடுக்கவில்லையாம், லாரியை எடுத்துக்கொண்டு வர முடியுமா என்று கேட்டாள். நான் சும்மா பார்க்க வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். இரண்டு பெட்டியும், ஊர் முழுக்கக் கொடுக்க வாங்கிய சாக்லேட் நிறைந்த ஓர் அட்டைப் பெட்டியும் வைத்திருந்தாள். வண்டியில் ஏறியதும், ஆர்க்கிட் செத்துப்போகவில்லையே என்றாள். திருப்பிக் கேட்கிற தொனி. அவள் பார்க்க வரவில்லை, வீட்டுக்குத் திரும்பி வந்திருக்கிறாள் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று வார்த்தை தேடிக்கொண்டே வந்தேன். சொல்லவில்லை. வைனாக்கு ஏற்றத்தில் வண்டி ஏறிவிட்டது.

படியில் செருப்பைக் கழற்றினாள். கொசுவலைக் கதவு வழியாக உள்ளே பார்த்தாள். அவள் பார்த்தறியாத நீல சோபா ஒன்று. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு டாரெல் வந்து நின்றான். பழக்கதோஷத்தில் லவீனியா ஒரு சாக்லேட் பெட்டியை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். பிறகுதான் கேட்டாள்.

"டாரெல், என் மேசை எங்கப்பா?"

அவன் அம்மாவுக்கு ஃபோன் செய்தான். ஒடெட்டா பத்து நிமிஷத்தில் வந்து படியிலேயே நின்றுவிட்டாள். மேலே ஏறவில்லை. இரண்டு பேரும் என்னென்னவோ பேசினார்கள். ஃபோனில் சார்மெய்ன் இங்கேயே இருந்துவிடு என்கிறாள் என்று நீங்கள் சொன்னீர்களே என்றாள் ஒடெட்டா. அவள் சொல்கிறாள் என்றுதானே சொன்னேன், நான் இருக்கிறேன் என்றா சொன்னேன் என்றாள் லவீனியா. கடைசியில் ஒடெட்டா இதைச் சொன்னாள்.

"அண்ணி, நீங்க ஆர்க்கிட்ட எல்லாருக்கும் குடுத்துட்டுப் போனீங்க."

"தண்ணி ஊத்தத்தானே குடுத்தேன்."

"ஹீலோவுல யாரு அண்ணி தண்ணி ஊத்தக் குடுப்பா?"

லவீனியா என் பக்கம் திரும்பினாள். நான் தரையைப் பார்த்தேன். லாரியில் திரும்பி வரும்போது அவள் சிரிக்க ஆரம்பித்தாள். பாலத்தைத் தாண்டுவதற்குள் கண்ணில் நீர் வழிந்தது. மழை பெய்கிற ஊரில் தண்ணீருக்குப் பயந்த ஒரே முட்டாள் நான்தான் என்றாள். தப்பு என்னுடையது, பாவம் ஒடெட்டா என்றாள். எனக்குப் பெரிய பாரம் இறங்கியது போல இருந்தது. தப்பு எல்லோருக்கும் பங்கு போட்டுக் கிடைத்துவிட்டால் ஆளுக்குக் கொஞ்சம்தானே.

கௌமானாவில் என் வீட்டுப் பின்னறையில் தங்கினாள். மறுநாளிலிருந்து சாமான்கள் திரும்பி வரத் தொடங்கின. யாரும் முன்னால் சொல்லிவிட்டு வரவில்லை. வண்டியை நிறுத்தி, இறக்கி வைத்து, அசடு வழிந்துவிட்டுப் போனார்கள். எதுவும் வெறுமையாக வரவில்லை. மின்பானைக்குள் சூடான சோறு இருந்தது. சூப்புக் கிண்ணத்தில் பீன்ஸ் சூப். தையல் பெட்டிக்குள் காய்ந்த மீன் பொட்டலம் வைத்தவர் யாரென்று கடைசிவரை தெரியவில்லை. ஊசியெல்லாம் ஒரு மாதத்துக்கு மீன் வாடை அடித்தது. என் அண்டாவில் நான் பலாப்பழம் வைத்துக் கொடுத்தேன்.

வராத பொருட்களைத் தேடிக்கொண்டு மூன்று சனிக்கிழமை சுற்றினோம். ஒடெட்டாவும் வந்தாள். நடுவில் நான், இரண்டு பக்கமும் அவர்கள். பழையபடி ஆகிவிட்டது என்றுதான் எனக்குப் பட்டது. பனாவேவாவில் ஒரு வாசல் விற்பனையில் லவீனியாவின் மேசை விளக்கு இருந்தது. ஒடெட்டா அதற்குப் பேரம் பேசினாள், பேரம் பேசி விலையைப் பாதியாக்கினாள். விற்ற ஆள் லவீனியாவுக்குத் தெரிந்தவர், பள்ளிக்கூடத்தில் அவளிடம் சாப்பிட்டு வளர்ந்தவர்.

"மிஸஸ் பச்சேக்கோ, உங்க சாமான வித்தவங்களே வந்து பேரமும் பேசுறாங்களே, கமிஷன் எவ்வளவு?" என்றார்.

லவீனியா சிரித்தாள். ஒடெட்டா சில்லறையை எண்ணிக்கொண்டிருந்தாள்.

வீட்டுப் பேச்சை ஒடெட்டாதான் எடுத்தாள். பிள்ளைக்கு இரண்டு வயசு ஆகிற வரைக்கும் டாரெல் இருக்கட்டும், நீங்கள் கீழே துணி துவைக்கிற அறையில் இருங்கள், ஜன்னல் வைத்துத் தருகிறேன், எல்லாரும் ஒரே குடும்பம்தானே. ஊரில் இரண்டு விதமாகப் பேசினார்கள். லவீனியா ஒரு வாரம் யோசித்தாள். தப்பு நடந்துவிட்டது, யார் மேலும் குற்றமில்லை, பச்சைக்குழந்தையை வெளியே தள்ளவா முடியும் என்றாள் என்னிடம். கீழறைக்கு ஒப்புக்கொண்டால் அந்த வீடு ஒடெட்டாவுடையது என்று அவள் வாயாலேயே சொன்ன மாதிரி ஆகிவிடும். அது அவளுக்கும் தெரியும். இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை தன் சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டு அங்கே போகலாம் என்று முடிவு செய்தாள்.

அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை பழம்பொருள் கடையில் இருந்து சுகாவா அம்மா ஃபோன் செய்தார். அந்தக் கடையை இருபது வருஷமாக நடத்துகிறவர். மார்ச்சில் வந்த உங்கள் பெட்டி இரண்டு இன்னும் பின்கட்டில் பிரிக்காமல் கிடக்கிறது, நனைகிறதற்குள் வந்து பாருங்கள் என்றார்.

போனோம். முதல் பெட்டியில் திரைச்சீலைகள். இரண்டாவதில் சமையல் துணி, மெழுகுவர்த்தி, ஒற்றைக் கையுறைகள். அடியில் பழுப்புத் தாள் சுற்றிய ஒரு பார்சல். மேலே ஒடெட்டாவின் முகவரி, லவீனியாவின் கையெழுத்தில். ஒட்டுத்தாளைக் கத்தியால் நேராகக் கீறிப் பிரித்திருந்தார்கள். உள்ளே குழந்தைச் சட்டை, நீலப் பறவை அச்சிட்டது, விலைச்சீட்டு கூடப் பிய்க்காதது. அதற்குள் ஓர் உறை. அதையும் கத்தியால் கீறித் திறந்து, உள்ளிருந்த வாழ்த்து அட்டையை எடுத்துப் படித்துவிட்டு மறுபடி உள்ளே வைத்திருந்தார்கள்.

லவீனியா அட்டையைப் படிக்கவில்லை. எழுதியவளுக்கு எதற்கு. என்னிடம் நீட்டினாள். பிப்ரவரி இருபது என்று தேதி போட்டு, பேரனுக்கு முதல் பிறந்தநாள் சட்டை, மே பன்னிரண்டு நான் வருகிறேன், பிறந்தநாள் சமையல் முழுக்க என் பொறுப்பு, வருவதற்கு முந்தின நாள் என் மெத்தையை வெயிலில் போட்டுவை என்று எழுதியிருந்தது.

விற்பனை நடந்தது மார்ச் ஒன்பதாம் தேதி.

ஒடெட்டா அந்த அட்டையைக் கிழித்துப் போட்டிருக்கலாம். சட்டையைக் குப்பையில் எறிந்திருக்கலாம். ஆனால் எங்கள் ஊரில் ஒரு புதுச் சட்டையைக் குப்பையில் போடும் கை யாருக்கும் கிடையாது. யாராவது ஒருத்தருக்கு ஆகும் என்று கடைக்குத்தான் கொடுக்கத் தோன்றும். முப்பது வருஷமாக அவளும் லவீனியாவும் சேர்ந்து செய்ததே அதுதான். வேறு மாதிரி செய்ய அவளுக்குத் தெரியவில்லை.

சுகாவா அம்மா பார்சலை அப்படியே எடுத்துப் போங்கள் என்றார். லவீனியா கேட்கவில்லை. குழந்தைச் சட்டைகளுக்குச் சுவரில் எழுதியிருந்த விலையைப் பார்த்து, காசை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தாள். அன்று செய்தித்தாள் விரிக்கவில்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்கு ஒடெட்டா வழக்கம்போல் காப்பி ஃபிளாஸ்கோடு வந்து இறங்கினாள். தூறல். லவீனியா என் வீட்டுத் தாழ்வாரத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், மடியில் பார்சல். ஒடெட்டா அதைப் பார்த்ததும் ஃபிளாஸ்கைப் படியில் வைத்தாள். மழைத் தொப்பியைக் கழற்றவில்லை. நான் லாரிச் சாவியோடு வாசலில் நின்றேன். உள்ளே போயிருக்க வேண்டும், போகவில்லை.

"படிச்சியா?" என்றாள் லவீனியா.

"படிச்சேன்."

"எப்ப?"

"வந்த அன்னிக்கே."

லவீனியா காத்திருந்தாள். ஒடெட்டா அழவில்லை. கணக்கு ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி சொல்லிக்கொண்டு போனாள். மூன்று வருஷமாக டாரெல் வீடு தேடுகிறான். வாடகை கட்டுபடியாகவில்லை, அவனும் வேகாஸ் போகிறேன் என்று ஜனவரியில் விண்ணப்பம் வாங்கி வைத்துவிட்டான். அவன் போனால் அந்தக் குழந்தையும் போகும். உங்களுக்கு அங்கே ஒரு மகள் இருக்கிறாள், எனக்கு இங்கே ஒரு மகன்தான். திரும்பி வர ஒன்றும் இல்லையென்றால் நீங்கள் வரமாட்டீர்கள் என்று நினைத்தேன். தெருமுனையில் விற்பனை அட்டை நட்ட பிறகு ஊரே நம்பிவிட்டது, அப்புறம் எனக்கும் பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

"எங்கிட்டக் கேட்டிருக்கலாமே ஒடெட்டா. குடுத்திருப்பேன்டி."

"தெரியும். அதான் கேக்கல." ஒடெட்டா முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தாள். "எங்கம்மா வீட்ட நான் உங்ககிட்டக் கையேந்தி வாங்கணுமா? கேட்டிருந்தா நீங்க குடுத்திருப்பீங்க. சாகிற வரைக்கும் நான் வாங்கினவளா இருக்கணும்."

"அந்தக் கெழவிக்குப் பீ மூத்திரம் அள்ளுனது யாருடி?"

"அதையும்தான் சாகிற வரைக்கும் கேக்கணும்."

லவீனியா எழுந்தாள். சட்டையை எடுத்து மடித்து ஒடெட்டாவின் கையில் கொடுத்தாள். அட்டையைத் தன் பையில் வைத்துக்கொண்டாள்.

"நான் தீவ விட்டுப் போகல. அடுத்த சனிக்கிழமைக்குள்ள வீட்டக் காலி பண்ணச் சொல்லு" என்றாள்.

அந்த அட்டையை அவள் வேறு யாருக்கும் காட்டவில்லை. காட்ட வேண்டியிருக்கவில்லை. நான் இரண்டு பேரிடம் சொன்னேன். வைனாக்குவுக்கு அது போதும். டாரெலுக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை. மூன்றாம் நாளே நீல சோபாவை வெளியே எடுத்துவிட்டு, லவீனியாவின் மேசையை என் லாரியிலிருந்து இறக்கித் தானே முதுகில் சுமந்துபோய் உள்ளே வைத்தான். மன்னித்துவிடுங்கள் அத்தை என்றான். உன் மேல் எனக்கு ஒன்றுமில்லை என்றாள். அவன் மனைவி குழந்தையோடு வண்டியிலேயே உட்கார்ந்திருந்தாள், இறங்கவில்லை. குழந்தை இருமுவது மேட்டில் நின்ற எனக்குக் கேட்டது. லவீனியாவுக்கும் கேட்டிருக்கும்.

பிறந்தநாள் விருந்து ஜூன் மூன்றாம் வாரம் ஒடெட்டா வீட்டு முற்றத்தில், தார்ப்பாய்க்கு அடியில் நடந்தது. எங்கள் ஊரில் முதல் பிறந்தநாள் என்றால் இருநூறு பேராவது வருவார்கள். அன்றைக்கு நாற்பது பேர் இருந்தால் அதிகம். நான் போனேன். பன்றி இறைச்சியில் உப்புக் கூடிவிட்டது, யாரும் சொல்லவில்லை. குழந்தை நீலப் பறவைச் சட்டை போட்டிருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. ஒடெட்டா என் தட்டில் கறியைப் போடும்போது, அண்ணி சாப்பிடறாங்களா என்று மட்டும் கேட்டாள். நான் தலையாட்டினேன்.

லவீனியா ஜெயித்துவிட்டாள் என்று ஊர் சொன்னது. பச்சை வீட்டில் எல்லாம் இருந்த இடத்துக்கு வந்துவிட்டன, வானொலி மட்டும் கடைசிவரை கிடைக்கவில்லை. ஆனால் வந்த மாதமே முன்கதவுக்கு ஒரு பூட்டு வாங்கி மாட்டினாள். வைனாக்குவில் பூட்டுப் போட்ட வீட்டை நான் அதுவரை பார்த்ததில்லை. ஆகஸ்டில் சார்மெய்ன் பயணச்சீட்டு வாங்கி அனுப்பினாள், போகவரச் சேர்த்து. லவீனியா அதைத் திருப்பி அனுப்பினாள். சார்மெய்ன் என்னிடம் ஃபோனில் அழுதாள், ஒரு வாரம் வந்தால் என்ன, வீட்டைத் தூக்கிக்கொண்டா போய்விடுவார்கள் என்றாள். நானும் போய்ச் சொல்லிப் பார்த்தேன். நான் வந்து வீட்டில் படுத்துக்கொள்கிறேன், நீங்கள் போய்க் குழந்தைகளைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றேன்.

லவீனியா என்னைப் பார்த்தாள்.

"நீதானே லாரி கொண்டு வந்தே" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை.

தீவின் மறுகரையில் இருக்கும் கோனாவில், அவள் கூட வேலை பார்த்தவர் ஒருவர் இறந்தபோது, போய்விட்டு அன்றைக்கே இருட்டுவதற்குள் திரும்பினாள். சனிக்கிழமைகளில் வருவதும் நின்றுவிட்டது. காரணம் கேட்டால் முட்டி வலி என்பாள். ஒடெட்டா மட்டும் தனியாக, ஒரு பழைய காரில், பீங்கான் எடுத்துப் பார்த்துக்கொண்டு நிற்பதை எல்லா இடத்திலும் பார்ப்பேன். சிலர் அவளுக்கு விலை குறைப்பதில்லை. கேட்டால் காதில் விழாத மாதிரி இருந்துவிடுவார்கள். அவளும் கேட்பதை விட்டுவிட்டாள்.

நான் சனிக்கிழமை மத்தியானம் பச்சை வீட்டுக்குப் போவேன். வாங்கியதைக் காட்டுவேன். லவீனியா ஒவ்வொன்றையும் கவிழ்த்துப் பார்த்து, ஏமாந்துவிட்டாய் என்பாள். ஒடெட்டாவின் பெயரை நான் எடுப்பதில்லை, அவளும் எடுத்ததில்லை. அக்டோபரில் ஒரு நாள் பூட்டைத் திறந்து என்னை உள்ளே விட்டவள், அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டே, அவள் வந்திருந்தாளா என்று கேட்டாள்.

வந்திருந்தாள் என்றேன்.

"என்ன வாங்குனா?"

"கொழந்தைக்குக் கட்டில். கம்பி வச்சது."

லவீனியா சூப்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். கரண்டி நின்றது.

"கம்பிக்கு நடுவுல எவ்வளவு எடம்? கை வச்சுப் பாத்தாளா?"

நான் கவனிக்கவில்லை என்றேன்.

"அவளுக்குத் துணியும் பீங்கானுந்தான் பாக்கத் தெரியும். புள்ளைக்குத் தல மாட்டிக்கும்" என்றாள். அடுப்பைத் தணித்தாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "நான் சொன்னேன்னு போய்ச் சொல்லாத" என்றாள்.